துண்டும் சம்பளமும்

பொகவந்தலாவையில் விடியற்காலையில் பெரட்டுக் களத்துக்கு விரையும் பெண்களைப் பார்த்த நாள்முதல் எனக்கொரு கேள்வி உண்டு. உழைப்பில் எத்தனை பேர் பங்கேற்கின்றனர் என்று பொருளியலாளர் கணக்கிடுகின்றனர். எவ்வாறு வேலைக்கு வந்தனர், கூலி யார் கைக்குச் சென்றது என்பதையும் இஸ்லாமியப் பொருளியல் கேட்கிறது. தோட்டத்தார் பெரும்பாலும் இந்துக்களே. ஆயினும் அளவுகோல் பொருந்துகிறது.

மலையகத்தில் வேலைக்கு அழைத்து வந்தது கடன். கங்காணி கொடுத்த முற்பணம், தொழிலாளி தோட்டத்தில் கால்வைக்கும் முன்பே அவர் பெயரில் ஏறியது. கடன்தொகை எழுதிய 'துண்டு' ஒன்றைக் கொடுப்பார்கள். அத்தொகையைச் செலுத்தும் தோட்டம் ஆளைப் பெற்றுக்கொள்ளும். 1921இல்தான் சட்டம் இதனை ஒழித்தது. வட்டியை விலக்கி, கடனாளிக்கு அவகாசம் தரச் சொல்லி, ஸகாத்திலும் அவருக்குப் பங்கு வைத்த நெறி, இதனை வேலைவாய்ப்பு என ஏற்காது.

கொழுந்து பறிப்போரில் பெரும்பாலோர் பெண்கள். ஆணுக்குச் சமமான நாட்கூலியோ 1984 வேலைநிறுத்தத்தின் பின்னரே அவர்களுக்குக் கிட்டியது. பெண்ணின் சம்பாத்தியம் பெண்ணுக்கே உரியது என்பது குர்ஆனின் அந்நிஸா அத்தியாயம் தரும் உரிமை. இஸ்லாமியச் சட்டத்தில் குடும்பச் செலவு கணவன் பொறுப்பு. முஸ்லிம் வீடுகளிலும் இது எப்போதும் நடப்பதில்லை என்பது வேறு விடயம்.

நான் கண்ட ஒரு சம்பள நாளில், வரிசையில் நின்ற ஆண்கள் சிலர் கையொப்பமிட்டது மனைவியின் பெயருக்கு எதிரே.