பெரிய வண்டிக்காரன் மேலதான் தப்பா? சைக்கிள் விபத்துச் சட்டத்தின் கதை

விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் போகும் தேசிய நெடுஞ்சாலை, பண்ருட்டியைத் தாண்டி காடாம்புலியூர் வழியாக நெய்வேலி, வடலூர் பக்கம் போகிறது. பலாப்பழ லோடு, முந்திரி மூட்டை, நெய்வேலிக்குப் போய்வரும் கனரக லாரிகள், அரசு பஸ், தனியார் பஸ் எல்லாம் ஓடுகிற ரோடு. அதே ரோட்டின் ஓரத்தில்தான் வேலைக்குப் போகிறவரும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் சைக்கிள் மிதிக்கிறார்கள்.

இந்த ரோடு என்றில்லை, தமிழ்நாட்டில் எங்கே லாரியும் சைக்கிளும் மோதினாலும் கூட்டம் கூடிய ஐந்தாவது நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிடும். "பெரிய வண்டிக்காரன்தான் பாத்து ஓட்டணும்!" உடனே கூட்டத்தில் இன்னொரு குரல் கேட்கும். "லைட்டே இல்லாம குறுக்க வந்தா டிரைவர் என்னய்யா பண்ணுவான்?"

படிக்காதவர்கள் பேச்சு என்று இதைத் தள்ளிவிட முடியாது. சுமார் 150 வருஷமாக நீதிமன்றங்களும் இந்த இரண்டு குரல்களுக்கு நடுவில்தான் போய் வந்துகொண்டிருக்கின்றன. அந்தக் கதையைப் பார்ப்போம்.

முதலில் மாட்டியது சைக்கிள்காரர்தான்

கார் வருவதற்கு முன்னால் ரோட்டில் வேகமான ஆசாமி சைக்கிள்காரர்தான். 1879-ல் இங்கிலாந்தில் ஒருவர் சைக்கிளைக் கண்மூடித்தனமான வேகத்தில் ஓட்டியதாகத் தண்டிக்கப்பட்டார். "சட்டத்தில் வண்டி என்றுதான் இருக்கிறது, சைக்கிள் வண்டியே அல்ல" என்பது அவர் தரப்பு வாதம். சைக்கிளும் வண்டிதான் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நிலைமை சீக்கிரமே மாறியது. 1896 மே 30-ல் நியூயார்க்கில் டூரியா கம்பெனி காரை ஓட்டிவந்த ஹென்றி வெல்ஸ், சைக்கிளில் வந்த ஒரு பெண்மீது மோதினார். அந்தப் பெண்ணுக்குக் கால் முறிந்தது, டிரைவருக்கு அன்று ராத்திரி லாக்கப். காரும் சைக்கிளும் மோதியதாகப் பதிவான ஆரம்பகால விபத்துகளில் இது ஒன்று.

நஷ்டஈடு விஷயத்தில் பழைய ஆங்கிலேயச் சட்டம் ரொம்பக் கறார். அடிபட்டவர் மேல் துளி தப்பு இருந்தாலும் காசு கிடையாது. 1809-ல் ரோட்டின் குறுக்கே கிடந்த கட்டையில் குதிரையோடு மோதி விழுந்தவருக்கு, "நீ பார்த்து வந்திருக்கலாம்" என்று சொல்லி ஒன்றும் கொடுக்கவில்லை. இதில் முதல் விரிசலை உண்டாக்கியது ஒரு கழுதை! 1842-ல், முன்னங்கால்களைக் கட்டி ரோட்டில் விடப்பட்டிருந்த கழுதைமீது வேகமாக வந்த வண்டி ஏறியது. கழுதையை அப்படி விட்டது தப்புதான், ஆனாலும் கடைசி நேரத்தில் விபத்தைத் தவிர்த்திருக்கக்கூடியவர் வண்டிக்காரர் என்பதால் கழுதைக்காரர் பக்கம் தீர்ப்பானது. நம் ஊர்க் கூட்டத்தின் முதல் குரலுக்கு நீதிமன்றத்தில் கிடைத்த பழைய ஆதரவு இது என்று சொல்லலாம். பிறகு 1945-ல்தான் இங்கிலாந்து சட்டம் போட்டு, இரண்டு பக்கமும் தப்பு இருந்தால் நஷ்டத்தைப் பங்கு போடலாம் என்றது.

நம் நாட்டுக்கு வந்த சட்டங்கள்

இந்தியாவில் இரண்டு தனித்தனிப் பாதைகள் உருவாயின. குழப்பமெல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதல் பாதை தண்டனை. இந்தியத் தண்டனைச் சட்டம் வந்தது 1860-ல். கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் அதிகபட்சம் 2 வருஷம் சிறை என்ற 304-ஏ பிரிவு 1870-ல் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவு இதை 5 வருஷம் ஆக்கியது. மோதிவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 வருஷம் என்ற உட்பிரிவும் அதில் இருக்கிறது. ஆனால் 2024 ஜனவரியில் லாரி டிரைவர்கள் நடத்திய போராட்டத்தால் அந்த உட்பிரிவு மட்டும் அமலுக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டது.

இரண்டாவது பாதை இழப்பீடு. இறந்தவர் குடும்பம் வழக்குப் போட வழி செய்தது 1855-ம் வருஷச் சட்டம். ஆனால் சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும், கேட்கிற தொகைக்கு ஏற்பக் கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும். சைக்கிளில் போன கூலிக்காரர் குடும்பத்துக்கு அது எட்டாக்கனி. ஜெயித்தாலும் டிரைவரிடம் வாங்குவதற்கு என்ன இருக்கும்?

1939-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டம் இதற்கு விடை தேடியது. அதன்படி 1946 ஜூலை 1 முதல் மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயமானது. முதல் நபர் வண்டிக்காரர், இரண்டாவது இன்ஷூரன்ஸ் கம்பெனி. மூன்றாவது யார்? ரோட்டில் போகிற நாம்தான். லாரிக்காரர் கட்டும் அந்த பிரீமியம் சைக்கிள்காரருக்காகவும் கட்டப்படுவதுதான். சைக்கிள் மோட்டார் வாகனம் அல்ல என்பதால் அதற்கு இந்தக் கட்டாயம் இல்லை. 1956-ல் வந்த திருத்தம் தனித் தீர்ப்பாயங்களுக்கு வழி செய்தது. கோர்ட் வாசலில் எம்.சி.ஓ.பி. என்று சொல்கிறார்களே, அந்த மனுக்களை விசாரிக்கும் இடம் இதுதான்.

"தப்பை நிரூபி"

பணத்துக்கு ஆள் வந்தாயிற்று. ஆனால் டிரைவரின் தப்பை நிரூபித்தாக வேண்டும் என்ற நிபந்தனை போகவில்லை. கவனக்குறைவை நிரூபிக்காமல் வண்டி ஓனரோ கம்பெனியோ பொறுப்பாக முடியாது என்று 1977-ல் உச்ச நீதிமன்றமே சொன்னது. யோசித்துப் பாருங்கள். சைக்கிள்காரர் செத்துவிட்டார். ராத்திரி நேரம். பார்த்தவர்கள் டிரைவரும் கிளீனரும் மட்டும். யாரை வைத்து நிரூபிப்பது?

இதற்கு ஒரு வழி நம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே கிடைத்தது. இருட்டிய பிறகு ஓடிய ஒரு பஸ், தொங்கிக்கொண்டிருந்த உயர் அழுத்த மின்கம்பியில் மோதி 8 பேர் அங்கேயே இறந்தார்கள். கிரிமினல் வழக்கில் டிரைவர் விடுதலை. "டிரைவரே நிரபராதி, நாங்கள் ஏன் பணம் தர வேண்டும்?" என்றது பஸ் கம்பெனி. என்.கே.வி. பிரதர்ஸ் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிக்கும் இதில் 1980-ல் தீர்ப்பு சொன்னவர் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர். ஜெயிலுக்கு அனுப்பத் தேவைப்படும் ஆதாரம் வேறு, இழப்பீடு தரத் தேவைப்படும் ஆதாரம் வேறு. சின்னச் சின்ன நுணுக்கங்களைக் காட்டி டிரைவரும் ஓனரும் தப்பிக்கத் தீர்ப்பாயங்கள் இடம் கொடுக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

1982-ல் பாராளுமன்றம் அடுத்த அடியை எடுத்து வைத்தது. யார் மேல் தப்பு என்று பார்க்காமலே மரணத்துக்கு 15,000 ரூபாய், நிரந்தர ஊனத்துக்கு 7,500 ரூபாய். 1988-ம் வருஷப் புதுச் சட்டத்தில் இது 25,000, 12,000 ஆனது. 1994-ல் 50,000, 25,000. 2001-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் தூரம் போனது. டயர் வெடித்துக் கவிழ்ந்த ஜீப், நடந்துபோனவரைக் கொன்றது. டிரைவர் தப்பு எதுவும் நிரூபணமாகவில்லை. அப்படியும், ஆபத்தான ஒரு பொருளை ரோட்டுக்குக் கொண்டுவந்தவரே அதன் விளைவுக்குப் பொறுப்பு என்று இழப்பீடு கொடுக்கச் சொன்னது. கூட்டத்தில் கேட்ட முதல் குரலையே நீதிபதிகள் சட்ட பாஷையில் சொல்லிவிட்டார்கள்!

லைட் இல்லாத சைக்கிளின் விலை

அப்படியென்றால் இரண்டாவது குரல் தோற்றுவிட்டதா? இல்லை. தப்பைப் பார்க்காமல் கிடைக்கும் தொகை, 2019 திருத்தப்படி 2022 ஏப்ரல் முதல் மரணத்துக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு 2.5 லட்சம். அதை வாங்கிக்கொண்டால் தீர்ப்பாயத்து மனு அத்தோடு முடிந்துபோகும். முழு இழப்பீடு வேண்டுமென்றால் தப்பு யார் மேல் என்ற பழைய கேள்வி திரும்ப வரும்.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். வயது 38, சொந்தமாக வேலை செய்து மாசம் 12,000 சம்பாதிப்பவர், அவரை நம்பி நான்கு பேர். உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்துக்கொடுத்த முறைப்படி:

வருஷ வருமானம் 1,44,000.
எதிர்கால உயர்வுக்கு 40% சேர்த்தால் 2,01,600.
அவர் சொந்தச் செலவு கால்பங்கு கழித்தால் 1,51,200.
38 வயதுக்குப் பெருக்கும் எண் 15. ஆக 22,68,000 ரூபாய்.

சைக்கிள்காரர் மேலும் 25% தப்பு என்று தீர்ப்பானால் 5,67,000 ரூபாய் போய்விடும். அதாவது, தப்பே பார்க்காமல் சட்டம் கொடுக்கும் 5 லட்சத்தை விட, அந்தக் கால்பங்கு தப்புக்குக் கழிக்கும் தொகை அதிகம்! ஒரு லைட், ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டர் என்ன விலை என்று இனி யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் லைட் இல்லை என்பதே தானாகத் தப்பாகிவிடாது. ஜான்பூர் நகராட்சி ரோட்டில் தோண்டிய பள்ளத்தில், லைட் இல்லாத சைக்கிளோடு ஒருவர் ராத்திரியில் விழுந்தார். பள்ளத்தைச் சுற்றி விளக்கோ தடுப்போ இல்லை. 1978-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் நகராட்சியைத்தான் பொறுப்பாக்கியது. விதியை மீறினாரா என்பதோடு கேள்வி முடிவதில்லை. அந்த மீறலால்தான் விபத்து நடந்ததா என்று பார்க்க வேண்டும்.

ஜெயித்த பிறகும்

மோதியது அரசு பஸ் என்றால் இன்னொரு அத்தியாயம் உண்டு. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தனியாக நிதி வைத்திருந்தால் இன்ஷூரன்ஸ் எடுப்பதிலிருந்து சட்டம் விலக்கு தருகிறது. தீர்ப்பு வந்தும் பணம் வராமல் போக, கோர்ட் அமீனா வந்து பஸ் ஸ்டாண்டில் நின்ற பஸ்ஸை ஜப்தி செய்தார் என்ற செய்தியைப் பேப்பரில் பார்க்காத தமிழர் குறைவு. பயணிகள் இறங்கி வேறு பஸ் தேடுவார்கள். படித்துச் சிரித்துவிட்டுப் போகிறோம். அந்த ஜப்திக்குப் பின்னால் வருஷக்கணக்கில் அலைந்த ஒரு குடும்பம் இருக்கிறது.

மற்ற நாடுகள்

பிரான்ஸ் 1985 ஜூலை 5-ல் போட்ட சட்டப்படி, மோட்டார் வண்டி மோதி நடந்துபோகிறவரோ சைக்கிள்காரரோ காயம்பட்டால், சாதாரணத் தப்பைக் காட்டி இழப்பீட்டைக் குறைக்க முடியாது. 16 வயதுக்குக் கீழும் 70-க்கு மேலும் இருப்பவர்களுக்குப் பாதுகாப்பு இன்னும் அதிகம். நெதர்லாந்தில் 1994 சட்டத்தின் 185-வது பிரிவும் நீதிமன்றத் தீர்ப்புகளும் சேர்ந்து, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முழு இழப்பீடு, பெரியவர்களுக்குக் குறைந்தது பாதி என்று வைத்திருக்கின்றன. டிரைவரை உடனே ஜெயிலுக்கு அனுப்பும் சட்டங்கள் அல்ல இவை. பணத்துக்கு மட்டும் "பெரிய வண்டிதான் பொறுப்பு" என்கின்றன.

கதையின் சாரமும் இதுதான். தண்டனை வேறு, இழப்பீடு வேறு. ரோட்டில் நாம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். டிரைவரைப் பிடித்து அடிக்கிறோம். அவரும் சம்பளத்துக்கு ஓட்டுகிறவர்தான். இல்லையென்றால் நாலு பெரிய மனுஷர்கள் உட்கார்ந்து "கேஸ் வேணாம்" என்று பேசி, பத்தாயிரம் இருபதாயிரம் வாங்கிக்கொடுத்து முடித்துவிடுகிறார்கள். எஃப்.ஐ.ஆர். இல்லாவிட்டால் அப்புறம் தீர்ப்பாயத்தில் விபத்தையே நிரூபிப்பது பெரும்பாடு. 22 லட்சம் கணக்கு அங்கேயே, ரோட்டோரத்து டீக்கடையிலேயே முடிந்துபோகிறது.

காடாம்புலியூர் ரோட்டில் அடுத்த தடவை கூட்டம் கூடினால், யார் மேல் தப்பு என்று சண்டை போடுவதற்கு முன்னால் 108-க்குப் போன் போடட்டும். அடுத்ததாக வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டு ஸ்டேஷனில் புகார் பதியட்டும். தப்பு யார் மேல் என்பதைத் தீர்ப்பாயம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளும்.