'கேஷ்' நம்ம காசுதானா?

கட்டுமரம், மிளகுத்தண்ணீர் என்று ஆங்கிலத்துக்குத் தமிழ் தந்த சொற்களின் பட்டியலை யார் போட்டாலும் அதில் 'கேஷ்' கண்டிப்பாக இருக்கும். காசுதான் கேஷ் ஆனதாம். இது பாதி உண்மை. ஆங்கிலத்தில் இருப்பது ஒரு கேஷ் அல்ல, இரண்டு!

ரொக்கம் என்ற பொருளில் வரும் கேஷ் உண்மையில் ஒரு பெட்டி. லத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. அது இத்தாலி, பிரான்ஸ் வழியாக 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. பணப்பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கும் வந்துவிட்டது. நம்ம ஊர் கடைகளில் பெட்டியும் கல்லா, வசூலும் கல்லா இல்லையா? அதே கதைதான். பெட்டி பக்கத்தில் உட்கார்ந்தவர் கேஷியர். (ராணுவ அதிகாரியை அவமானப்படுத்தி வேலையை விட்டு நீக்குவதற்கும் ஆங்கிலத்தில் 'கேஷியர்' என்றொரு வினைச்சொல் உண்டு. அது டச்சுக்காரர்களிடம் வாங்கியது, பெட்டிக்கும் அதற்கும் ஸ்நானப்பிராப்தி கூட கிடையாது.)

இரண்டாவது கேஷ்தான் நம்முடையது. ராஜராஜ சோழனின் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகளிலேயே காசு வருகிறது. காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டியாம், அதாவது 12.5 சதவீதம்! பின்னால் வந்த போர்ச்சுகீசிய வியாபாரிகள் இந்தக் காசை, தங்கள் மொழியில் பெட்டியைக் குறிக்கும் 'காய்ஷா' என்ற சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். அதைக் கேட்ட ஆங்கிலேயர் வாயில் அதுவும் 'கேஷ்' ஆனது. இரண்டு சொற்களும் ஒட்டிக்கொண்டது இப்படித்தான்.

சென்னையில் கம்பெனிக் கணக்கு: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். கணக்கு எழுதியவர்கள் பாவம். 1803-இல் பர்மிங்ஹாம் பக்கத்தில் சோஹோ சாலையில் அடித்த செப்புக் காசுகளில் '20 கேஷ்', '10 கேஷ்' என்று ரோமன் எண்களில் போட்டிருக்கும். 1808-இல் அடித்த காசுகளை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் கரையைத் தாண்டுவதற்குள் மூழ்கிவிட்டது. 1980-களில் முக்குளிப்பவர்கள் அவற்றை அள்ளி எடுத்தார்கள். சென்னைக்கு வந்து சேராத அந்தக் காசுகள் இன்று சேகரிப்பாளர்களிடம் இருக்கின்றன.

திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். அது 1949 வரை ஓடியது.

இதைவிட வேடிக்கை சீனாவில். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்துக்கும் ஐரோப்பியர் வைத்த பெயர் கேஷ். சீனர்கள் அதை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் நாணய ஏலப் பட்டியல்களில் இன்றும் அதற்கு அந்தப் பெயர்தான்.