லாரியில போற கடல்: அரியலூர் கல்லச்சுப் படங்களின் கதை

1/ பெரம்பலூர்-அரியலூர் ரோட்டுல போனவங்களுக்குத் தெரியும். முன்னாடி ஒரு சுண்ணாம்புக்கல் லாரி, பின்னாடி ஒண்ணு. அதுல போறது பல கோடி வருஷம் முன்னாடி இங்க இருந்த கடலோட அடித்தரை. அந்தக் கடலைப் படமா வரைஞ்சு வெச்ச ஒருத்தரைப் பத்தித்தான் இந்த த்ரெட். கடைசியில டாக்டரா ஒரு விஷயமும் சொல்லணும்.

2/ பழைய படத்தாள் சேகரிக்கிறவங்க கிட்ட அமெரிக்க ரயில் சர்வே படங்களுக்கு மவுசு அதிகம். பசிபிக் கடல் வரை ரயில் போட வழி தேடி 1853-ல் ராணுவக் குழுக்கள் கிளம்பின. கூடவே போன ஓவியர்கள் வரைந்த மலை, பறவை, பாம்பு எல்லாம் கல்லச்சில் அச்சாகின.

3/ நம்ம ஊருக்கும் அப்படி ஒண்ணு இருக்கு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1851-ல் தொடங்கியதே முக்கியமா நிலக்கரி தேடத்தான். ரயிலுக்குக் கரி வேணுமே! அதில் இருந்த ஹென்றி பிளான்ஃபோர்ட் 1857 முதல் 1860 வரை நம்ம பகுதியை ஆராய்ந்தார்.

4/ பாறை அடுக்குகளுக்கு அவர் வைத்த பெயர்கள் ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். உலகப் புவியியலாளர்கள் இன்னைக்கும் அதே பெயர்களைத்தான் சொல்றாங்க. அவர் சேகரித்த புதைபடிவங்கள் கல்கத்தா போய்ச் சேர்ந்தன.

5/ அவற்றில் பெரும்பகுதியை விவரித்தவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. இன்றைய செக் நாட்டில் 1838-ல் பிறந்தவர். நத்தை, சிப்பி, பவளம், ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட அம்மோனைட்னு நாலு தொகுதி. நூற்றுக்கும் மேற்பட்ட கல்லச்சுத் தாள்கள். கடைசித் தொகுதி 1873-ல் முடிந்தது.

6/ கல்லச்சுன்னா என்ன? வழவழப்பான சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள குச்சியால் வரையணும். கல்லை நனைச்சு மை உருட்டினா, கோட்டுல மட்டும் மை ஒட்டும். தாளை வெச்சு அழுத்தினா படம். இதுக்குப் பேர்போன கல் ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபென் கல். அதுவும் ஒரு பழைய கடலின் சுண்ணாம்புதான்!

7/ படம் எதுக்கு இவ்வளவு முக்கியம்? அரியலூர் பக்கம் கல்லமேட்டில் ராட்சத டைனோசர் எலும்புகள் கிடைத்தன. யாதகிரியும் அய்யாசாமியும் 1987-ல் அதுக்கு 'புருகத்காயோசாரஸ்'னு பெயர் வெச்சாங்க. அந்த எலும்புகள் உதிர்ந்தே போச்சு. இப்போ ஆராய்ச்சிக்கு மிச்சம் இருப்பது படங்கள்தான். நோயாளி இல்லாம எக்ஸ்ரே மட்டும் கையில இருக்கிற மாதிரி.

8/ பெரம்பலூர் சாத்தனூர் கல்மரம் அதிர்ஷ்டசாலி. எம்.எஸ். கிருஷ்ணன் 1940-ல் கண்டறிந்தார். 18 மீட்டர் நீளம். தேசியப் புவியியல் சின்னமா பாதுகாத்ததால இன்னும் நேர்ல பார்க்க முடியுது.

9/ ஸ்டோலிச்கா கதைக்கு வருவோம். 1873-லேயே யார்க்கண்ட் தூதுக்குழுவோடு மத்திய ஆசியா கிளம்பினார். திரும்பும்போது 5,500 மீட்டருக்கு மேல் உள்ள காரகோரம் கணவாயைத் தாண்டினார். சில நாளில், 1874 ஜூன் 19, லடாக்கின் முர்கோவில் இறந்தார். வயசு 36. லே நகரில் நினைவுச்சின்னம் இருக்கு.

10/ காரணம் உயர்மலை நோய்னுதான் இன்னைக்குக் கருதுறாங்க. உயரத்தில் நுரையீரலில் நீர் கோர்ப்பது தனி நோய்னு மருத்துவ உலகம் தெளிவா உணர்ந்ததே 1960 வாக்கில்தான். லடாக் டூர் போறீங்களா? தலைவலி, வாந்தி இருந்தா மேலே ஏறாதீங்க. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினா, நடை தள்ளாடினா, காத்திருக்காம உடனே கீழே இறங்குங்க. ஆக்ஸிஜனும் மருந்தும் அப்புறம்தான்.

11/ இந்தப் படங்களைச் சேகரிக்க ஆசையா? ஒத்தைத் தாளா விற்பனைக்கு வருவதில் பல, முழுப் புத்தகத்தைக் கிழிச்சு எடுத்தவை. தாளைப் பிரிச்சா பெயரும் விவரமும் போயிடும். காசு கொடுத்து அதை வளர்க்காதீங்க. இந்தத் தொகுதிகள் இணைய நூலகங்களில் இலவசமாவே கிடைக்குது.

12/ அதே மாதிரி, வயல்ல ஒரு சுருள் கல் கிடைச்சா உடைச்சு எடுக்காதீங்க. பக்கத்துல ஒரு ரூபாய் நாணயம் வெச்சு போட்டோ எடுங்க. இடம், தேதி குறிச்சு வாரணவாசி அருங்காட்சியகத்துக்குச் சொல்லுங்க. அடுத்த லாரி வர்றதுக்குள்ள அந்தக் கடலுக்கு நாம செய்யக்கூடிய கேஸ் ஷீட் அதுதான். 🙏