தோல் நிறம் என்பது எந்த நிறம்?

முகத்தை வரைகிறவருக்குப் பெரிய சவால் கண்ணோ மூக்கோ அல்ல, தோல்தான். ஏனென்றால் தோலுக்கு ஒரே நிறம் கிடையாது. நெற்றியில் வெளிச்சம், கன்னத்தில் சிவப்பு, தாடைக்குக் கீழே பச்சை கலந்த நிழல் என்று இடத்துக்கு இடம் மாறும்!

14ம் நூற்றாண்டு இத்தாலியில் வண்ணப்பொடியை முட்டை மஞ்சள் கருவில் குழைத்து வரைந்தார்கள். முகத்துக்கு முதலில் பச்சை மண் நிறம், அதன்மேல் இளஞ்சிவப்பு. இந்தக் கலவை சட்டென்று உலர்ந்துவிடும். அதனால் மெல்லிய கோடுகளாகத்தான் தீட்ட முடியும். 15ம் நூற்றாண்டில் ஆளிவிதை எண்ணெய் பரவியதும் நிலைமை மாறியது. எண்ணெய் மெதுவாக உலரும். ஈரம் காயுமுன் ஒரு நிறத்தை இன்னொன்றில் இழைக்கலாம். காய்ந்தபின் கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சும் கொடுக்கலாம்.

ஆனால் ஐரோப்பாவில் 'சதை நிறம்' என்றால் பெரும்பாலும் ஈய வெள்ளையும் சாதிலிங்கச் சிவப்பும் கலந்த கலவைதான். அதாவது வெள்ளையர்களின் தோல்!

இங்கேதான் ஹுவான் டி பரேஹா வருகிறார். ஸ்பெயின் அரச ஓவியர் வெலாஸ்கெஸின் அடிமை அவர். ஓவியக்கூடத்தில் உதவியாளராகவும் இருந்தார். 1650ல் ரோமில் வெலாஸ்கெஸ் அவரை வரைந்தார். போப் பத்தாம் இன்னசென்ட்டை வரைவதற்கு முன் செய்த பயிற்சி இது என்று, 1724ல் வெளிவந்த நூலில் பாலோமினோ எழுதுகிறார்.

கரிய தோலை வரைய, வெள்ளைத் தோலின் கலவையில் கறுப்பைச் சேர்த்தால் போதாது. முகம் சாம்பல் பூத்தது போலாகிவிடும். வெலாஸ்கெஸ் பழுப்பையும் செம்பு நிறத்தையும் அடுக்கினார். நெற்றியிலும் மூக்கிலும் மட்டும் பளிச்சென்று வெளிச்சம் வைத்தார். சாம்பல் பச்சைப் பின்னணியில் அந்த முகம் சூடும் உயிருமாகத் தெரிகிறது. பார்வையில் பணிவு இல்லை, கம்பீரம்தான் இருக்கிறது.

1650 மார்ச் 19 அன்று ரோமின் பாந்தியனில் ஓவியம் வைக்கப்பட்டது. கூட்டம் பாராட்டியது. ஆனால் ஓவியத்தில் இருந்தவர் அன்றும் அடிமைதான். விடுதலைப் பத்திரம் அந்த நவம்பரில்தான் எழுதப்பட்டது. அதிலும், மேலும் நான்கு ஆண்டுகள் பணி செய்ய வேண்டும் என்று நிபந்தனை!

பிறகு பரேஹா தாமே ஓவியரானார். 1661ல் வரைந்த 'புனித மத்தேயுவின் அழைப்பு' ஓவியத்தின் இடது ஓரத்தில் தம்மையும் வரைந்துகொண்டார். அதில் அவரது தோல் வெலாஸ்கெஸ் காட்டியதைவிட வெளுப்பாக இருக்கிறது. 'ரத்தத் தூய்மை' பார்த்த சமூகம் அது. விடுதலை பெற்ற பிறகும் நிறத்தின் சுமை இறங்கவில்லை.

வெலாஸ்கெஸ் வரைந்த ஓவியம் இன்று நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளது. அமெரிக்காவின் க்ரேயோலா நிறுவனமோ, இளஞ்சிவப்பு கலந்த ஒரு க்ரேயானை 1962 வரை 'சதை நிறம்' என்றே விற்றது. அந்த ஆண்டில்தான் பெயர் 'பீச்' என்று மாறியது.

எல்லோருக்கும் பொதுவான ஒரு தோல் நிறம் இல்லை என்பது 1650லேயே ஒரு கேன்வாஸில் தெரிந்துவிட்டது. க்ரேயான் பெட்டிக்கு அது வந்து சேர 312 ஆண்டுகள் ஆயின!