நட்டுவனாரும் ஆடன்மகளிரும்

முல்லையாற்றங்கரையில் உள்ள வீரபாண்டியிலே, கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவில் ஒருகால் யான் ஒயிலாட்டங் கண்டு நின்றேன். இளைஞர் பலர் ஓரடியாய் ஆடினர். வரிசையின் கடையில் நின்ற முதிய வாத்தியாரை எவரும் நோக்கிற்றிலர். அடி பிழைத்தவிடத்து மாத்திரம் அவர் குரல் எழுந்தது. ஆட்டுவிப்பார்க்கும் ஆடுவார்க்கும் உரிய தொடர்பு நந்தமிழ்நாட்டில் எவ்வாறு நிகழ்ந்துவந்தது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை, ஆசிரியர் அறுவர்தம் அமைதி கூறுங்கால் ஆடலாசிரியனையே முதற்கண் வைக்கின்றது. மாதவி ஐயாண்டில் தொடங்கி ஏழாண்டு பயின்று, பன்னீராண்டில் அரங்கேறி, தலைக்கோற் சிறப்பும் ஆயிரத்தெண் கழஞ்சு பொன்னும் பெற்றாள். அவளை ஆட்டுவித்தான் இலக்கணம் ஆண்டு விரிவாக உளது; பெயரோ இல்லை.

முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெரியகோயிலிற் பொறித்த கல்வெட்டு இக்குறையை நீக்குகின்றது. அவன் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைக் குடியேற்றி, ஒருவர்க்கு ஒரு மனையும் 100 கலம் நெல்லாகிய ஒரு பங்கும் அளித்தான். நட்டுவஞ் செய்வார்க்குப் பங்கு இரண்டு. இருதிறத்தார் பெயரும் கல்லில் உள. பங்கு பெற்றார் இறப்பின் அவர்க்கு அணிய உறவினர் அப்பணி செய்து பங்கு பெறுக என்றும், அவர் தகுதியிலராயின் தக்கார் ஒருவரை இடுக என்றும் அவ்வேந்தன் விதித்தான். பிறப்புரிமை மாத்திரம் போதாது, பணிக்குரிய தகுதியும் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

நட்டுவனார்க்குப் பங்கு மிக்கதேனும், அவர் கலை பிறர் உடம்பிலன்றி வெளிப்படாது. சொற்கட்டு உரைத்துத் தாளந் தட்டுங்கால் ஆடுவாள் அவரைப் பின்பற்றுவாள். அவள் அபிநயத்திற் பொருளை விரிக்குங்கால் அவர் அவளைப் பின்பற்றுவார். பழைய சதிரில் அவரும் பாடுவாரும் முழவோரும் அவள்பின் நின்று, அவள் பெயருந்தோறும் உடன் பெயர்ந்தனர். ஆதலின் இது கட்டளையும் கீழ்ப்படிதலும் மாத்திரம் அன்று. ஒருவர் குறிப்பை ஒருவர் உணர்ந்தொழுகும் ஒழுக்கமாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தஞ்சைச் சகோதரர் நால்வராகிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்போர், அலாரிப்பு முதல் தில்லானா ஈறாகவுள்ள நிரலைச் செப்பஞ் செய்தனர். அவர் மரபில் வந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் (1869–1954) பயின்ற உருக்குமிணிதேவி, 1935-இல் அடையாற்றில் ஆடி, 1936-இல் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். கந்தப்பப் பிள்ளையிடம் பயின்ற பாலசரசுவதி 1925-இல், ஏழாண்டுச் சிறுமியாய்க் காஞ்சியில் அரங்கேறினார். 1947-இல் சென்னை மாகாணச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை விலக்கிற்று. அவ்வழக்கம் நீங்கியது நன்றே. பிற்காலத்துப் பெண்டிரும் தாளத்தைக் கையேந்தி நட்டுவாங்கஞ் செய்யத் தலைப்பட்டனர், அதுவும் நன்றே. எனினும், தலைமுறைதோறும் அக்கலையைப் போற்றிவந்த நட்டுவனார் பலர் பெயர், அவர் மாணாக்கியர் புகழினுள் மறைந்தொழிந்தது.

இராசராசன் கல்லிற் பொறித்தான். நாமோ கேட்டலும் செய்கின்றிலேம். வீரபாண்டியில் அன்று அம்முதியவர் பெயரை வினவாது மீண்டவருள் யானும் ஒருவன். ஆட்டத்தை வியப்போர் ஆட்டுவித்தார் பெயரையும் அறிந்து போற்றுதல் கடனாம்.