கப்பல் சுற்றுலா

ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்வதற்காக அல்லாமல், கப்பலில் இருப்பதையே விடுமுறையாக அனுபவிக்கும் பயணம். குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் குறைந்ததால், ஹாம்பர்க் கப்பல் நிறுவனத்தின் ஆல்பர்ட் பாலின் தமது 'அகஸ்டா விக்டோரியா'வை 1891 ஜனவரியில் 241 பயணிகளுடன் மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார். இன்றைய வடிவத்துக்கு அதை முன்னோடி எனலாம். பயணிகளின் ஆசையைவிடக் காலிக் கப்பல்தான் இதைப் பெற்றெடுத்தது.

இதன் ஈர்ப்பில் பெரும்பங்கு சோம்பலின் சுகம். பெட்டியை ஒருமுறை பிரித்து அலமாரியில் அடுக்கினால் போதும். பிறகு ஊர்கள் தாமே வரும். பார்சிலோனாவில் கப்பலேறிப் படுத்தவர் காலையில் திரையை விலக்கினால் மார்செய் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும். அறையும் சாப்பாடும் கட்டணத்தில் அடக்கம். பேரன் நீச்சல்குளத்தில், தாத்தா சீட்டாட்டத்தில். இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே மேசையில். (மதுவுக்கும் கரைச் சுற்றுலாவுக்குமான பில் கடைசி நாளில்தான் உறைக்கும்.)

2024இல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் த சீஸ்' என்ற சுற்றுலாக் கப்பல் சுமார் 365 மீட்டர் நீளம். அதில் ஏழு நீச்சல்குளங்கள். இத்தகைய கப்பலில் கடலைத்தான் தேட வேண்டியிருக்கிறது. இத்தகைய கப்பல்களில் வந்திறங்கும் கூட்டத்தாலும் திணறிய வெனிஸில், 2021 ஆகஸ்டு முதல் ஜூதெக்கா கால்வாய் வழியே பெரிய கப்பல்களை விடுவதில்லை.