பயண வாழ்வுக்கான நிதி

பயண வாழ்வுக்கான நிதி என்பது ஒருவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பயணத்தில் செலவிடுவதற்குத் தேவையான பொருளைத் திரட்டும் வழிமுறைகளைக் குறிக்கும். இவ்வழிமுறைகள் பொதுவாக இரு வகைப்படும். ஒன்று, உழைப்பால் ஈட்டும் வருமானம். மற்றொன்று வாடகை, வட்டி, பங்காதாயம், நூலுரிமைத் தொகை போன்று அன்றாட உழைப்பின்றி வரும் வருமானம். பெரும்பாலானோர் இவ்விரண்டையும் கலந்தே பயன்படுத்துகின்றனர்.

வரலாறு

தமிழரிடையே பயணமும் வருமானமும் நெடுங்காலமாகப் பிணைந்தே வந்துள்ளன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் வட்டித்தொழில் நடத்தினர். முதலாளி ஊரில் இருக்க, அவருடைய முகவர் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்குக் கடல் கடந்து சென்று சம்பளத்திற்குப் பணிபுரிவார். முகவருக்கு இது உழைப்பால் வரும் வருமானம். முதலாளிக்கு முதலீட்டால் வரும் வருமானம்.

1930களின் உலகப் பொருளாதார மந்தத்தின்போது கடனைத் திருப்பித்தர இயலாத உழவர்களின் நிலங்கள் நகரத்தார் கைக்கு வந்தன. அப்பத்தாண்டின் இறுதியில் கீழ்ப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு விளைநிலம் அவர்களிடம் இருந்தது. 1942இல் சப்பானியப் படையெடுப்பாலும், 1948இல் பர்மா விடுதலை பெற்றபின் வந்த நில உடைமைச் சட்டங்களாலும் இச்சொத்துகளில் பெரும்பகுதியை அவர்கள் இழந்தனர். வருமானம் முழுவதையும் ஒரே நாட்டில், ஒரே வகைச் சொத்தில் வைத்திருப்பதன் இடருக்கு இது குறிப்பிடத்தக்க சான்றாகும்.

எடுத்துக்காட்டுகள்

ஏ. கே. செட்டியார் (1911–1983): செட்டிநாட்டின் கோட்டையூரைச் சேர்ந்தவர். ரங்கூனில் "தனவணிகன்" இதழின் ஆசிரியராகப் பணியாற்றினார். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் ஒளிப்படக்கலை பயின்றார். காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்திற்காகப் பல நாடுகளில் அலைந்து படச்சுருள்களைச் சேகரித்தார். அப்படம் 1940இல் வெளிவந்தது. 1943 முதல் "குமரி மலர்" இதழை நடத்தினார். இதழியல், ஒளிப்படம், பயணநூல் என அவர் செய்த தொழில்கள் பயணத்திலிருந்தே பிறந்தவை. பயணம் அவருக்குச் செலவாக மட்டும் அமையவில்லை.

விஜயன், மோகனா: கேரளத்தின் கொச்சியில் சிறிய தேநீர்க்கடை நடத்திய கே. ஆர். விஜயனும் அவர் மனைவி மோகனாவும் 2007 முதல் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகளைச் சுற்றிப்பார்த்தனர். கடை வருவாயில் நாளொன்றுக்கு ரூ. 300 சேமித்தனர்; இது ஆண்டுக்கு ரூ. 1,09,500 ஆகும். பற்றாக்குறைக்குக் கடன் பெற்றுப் பயணம் செய்து, திரும்பி வந்து கடனை அடைத்தபின் அடுத்த பயணத்தைத் திட்டமிட்டனர். 2019இல் ஆத்திரேலியா, நியூசிலாந்துப் பயணத்திற்கு நன்கொடை கிடைத்தது. 2021 அக்டோபரில் உருசியா சென்று திரும்பிய விஜயன் அவ்வாண்டு நவம்பரில் காலமானார். பெருஞ்செல்வம் இன்றியும் ஒழுங்கான சேமிப்பால் பயண வாழ்வு இயலும் என்பதற்கு இவர்கள் சான்றாகக் காட்டப்படுகின்றனர்.

வட சென்னை

வட சென்னையில் இவ்விருவகை வருமானங்களும் அருகருகே காணப்படுகின்றன. யானைக்கவுனியை ஒட்டிய சௌகார்பேட்டையில் கடை வாடகையும் வட்டியும் பல குடும்பங்களின் மரபான வருமானம். வணிகரையும் வட்டிக்கடைக்காரரையும் குறிக்கும் "சௌகார்" என்னும் சொல்லே அப்பகுதியின் பெயரில் உள்ளது. இங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள துறைமுகம் மற்றொரு வகைக்கு அடையாளம். கப்பல் பணியாளருக்குப் பயணமே தொழில். பல மாத ஒப்பந்தத்தில் கடலில் இருந்துவிட்டு, அடுத்த ஒப்பந்தம் வரை ஊரில் இருப்பர். கப்பலில் உணவும் தங்குமிடமும் கிடைப்பதால் சம்பளத்தின் பெரும்பகுதியைச் சேமிக்க இயலும். எனினும் எங்கே செல்வது என்பதைத் தீர்மானிப்பவர் பணியாளர் அல்லர்.

கணக்கீடு

அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994இல் வெளியிட்ட ஆய்வின்படி, சேமநிதியில் முதலாண்டு 4 விழுக்காடும், பின்னர் விலைவாசிக்கேற்ப உயர்த்திய தொகையும் எடுத்து வந்தால் நிதி 30 ஆண்டுகள் தாங்கும். இது அமெரிக்கச் சந்தைத் தரவுகளை அடிப்படையாகக் கொண்டது. இந்தியாவுக்கு அப்படியே பொருந்தும் எனக் கொள்ள இயலாது. எனவே 3 விழுக்காடு எனக் கணக்கிடுவது பாதுகாப்பானது.

மாதச் செலவு ரூ. 40,000 எனில் ஆண்டுச் செலவு ரூ. 4.8 இலட்சம். 4 விழுக்காட்டுக் கணக்கில் ரூ. 1.2 கோடியும், 3 விழுக்காட்டுக் கணக்கில் ரூ. 1.6 கோடியும் தேவை. பகுதிநேர வேலையால் மாதம் ரூ. 25,000 வருமாயின் எஞ்சிய ரூ. 15,000க்கு மட்டும் நிதி இருந்தால் போதும். 3 விழுக்காட்டுக் கணக்கில் இது ரூ. 60 இலட்சம். சிறிய வருமானமும் தேவையான நிதியைப் பெரிதும் குறைப்பதை இதனால் அறியலாம்.

விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு உயர்ந்தால் செலவு ஏறத்தாழ 12 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். ஆகவே 7 விழுக்காடு வட்டி தரும் வைப்புநிதியின் உண்மையான வளர்ச்சி ஏறத்தாழ 1 விழுக்காடு மட்டுமே. வட்டி முழுவதையும் செலவழிப்பவரின் முதல் குறையாதது போலத் தோன்றினாலும் அதன் வாங்கும் ஆற்றல் குறைந்துகொண்டே வரும்.

சட்ட நிலை

சுற்றுலா நுழைவிசைவில் செல்பவர் அந்நாட்டில் வேலை செய்யப் பொதுவாக அனுமதி இல்லை. இணையவழித் தொலைப்பணி புரிவோருக்கெனத் தனி நுழைவிசைவை எசுத்தோனியா 2020இலும், மலேசியா 2022இலும், தாய்லாந்து 2024இலும் அறிமுகப்படுத்தின. இவற்றுக்குக் குறிப்பிட்ட வருமானம் அல்லது வங்கி இருப்பைக் காட்டவேண்டும். இந்திய வருமானவரிச் சட்டத்தில் ஒருவர் ஓராண்டில் எத்தனை நாள் இந்தியாவில் தங்கினார் என்பது முதன்மையானது. ஓராண்டில் 182 நாட்களோ அதற்கு மேலோ தங்கியவர் உள்நாட்டில் வசிப்பவராகக் கருதப்படுவார். வெளிநாட்டில் வாழ்ந்தாலும் இந்தியாவில் கிடைக்கும் வாடகைக்கு இந்தியாவில் வரி உண்டு.

இடர்கள்

உழைப்பின்றி வருமானம் என்னும் விருப்பம் மோசடிக்கும் வழிவகுக்கிறது. தமிழ்நாட்டில் 1990களில் பல நிதி நிறுவனங்கள் உயர்ந்த வட்டி தருவதாகக் கூறி வைப்புத்தொகை திரட்டி வீழ்ந்தன. இதையடுத்து 1997இல் வைப்பீட்டாளர் நலனைப் பாதுகாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. இருப்பினும் 2022இல் மாதந்தோறும் பெருந்தொகை தருவதாக வாக்களித்த நிறுவனங்கள் மீது பொருளாதாரக் குற்றப்பிரிவு வழக்குப் பதிய நேர்ந்தது. மாதம் 10 விழுக்காடு வட்டி என்பது கூட்டுவட்டிக் கணக்கில் ஓராண்டில் முதலை மூன்று மடங்குக்கு மேல் ஆக்கும். இத்தகைய ஆதாயத்தை முறையான தொழில் எதுவும் தொடர்ந்து தர இயலாது. ஓய்வுக்காலத் தொகையை இவ்வாறு இழந்தவர்கள் பயணத்தை மட்டுமன்றி அன்றாட வாழ்வுக்கான ஆதாரத்தையும் இழந்தனர்.

நோய், முதியோர் பராமரிப்பு, வாடகைக்கு இருப்போர் காலி செய்தல், நாணய மதிப்பு வீழ்ச்சி ஆகியனவும் கருதத்தக்க இடர்கள். 2020இல் கொரோனா தொற்றால் எல்லைகள் மூடப்பட்டபோது, பயணத்தையே தொழிலாகக் கொண்டோர் வருமானத்தையும் பயணத்தையும் ஒருசேர இழந்தனர். பயணத்தைச் சாராத ஒரு வருமானமேனும் தேவை என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

இவற்றையும் பார்க்க

- ஏ. கே. செட்டியார்
- பயண இலக்கியம்
- கூட்டு வட்டி
- பணவீக்கம்
- சௌகார்பேட்டை